வினாத்தாளை யார் தயாரித்தது?



செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச அழைத்தார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். எந்திரம் எல்லாருடைய வேலையையும் பறித்துவிடும் என்பார்கள், அல்லது எல்லா நோயையும் தீர்த்துவிடும் என்பார்கள். இரண்டையும் நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். நான் எழுபது வருடக் கதையிலிருந்து சில திட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்கப்போகிறேன். இது வெற்றி என்று சொன்னது யார்? அதற்கு வினாத்தாளைத் தயாரித்தவர் யார், விடைத்தாளைத் திருத்தியவர் யார்?

தொடக்கத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. 1955-இல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் ராக்பெல்லர் அறக்கட்டளையிடம் நிதி கேட்டு விண்ணப்பித்தார்கள். பத்துப் பேர் இரண்டு மாதம் டார்ட்மவுத் கல்லூரியில் உட்கார்ந்து வேலை செய்தால், எந்திரத்துக்கு மொழியைக் கற்றுக்கொடுப்பதிலும் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வைப்பதிலும் நல்ல முன்னேற்றம் காணலாம் என்று எழுதினார்கள். கேட்டது 13,500 டாலர். கிடைத்தது 7,500. 1956 கோடையில் கூடினார்கள், விவாதித்தார்கள், ஊர் திரும்பினார்கள். துறைக்குப் பெயர் கிடைத்தது. முன்னேற்றம் ஏற்பட்டதா என்று அளப்பதற்கு யாரும் கோல் எடுத்து வரவில்லை.

கோல் இல்லாத இடத்தில் பார்க்கிறவரே மதிப்பெண் போட்டுவிடுவார். எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதி 1966-இல் வெளியிட்ட எலைசாவுக்கு அதுதான் நடந்தது. மனநல மருத்துவர் போல உரையாடும் நிரல் அது. நாம் தட்டும் வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்து, 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கிக் கேள்வியாகத் திருப்பிப் போடும். அம்மாவைப் பற்றி எழுதினால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்னும். உள்ளே வேறு சரக்கு கிடையாது. அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். அவரே அதனுடன் சில வரி பேசியதும் வைசன்பாமைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அந்தரங்கமாகப் பேச வேண்டுமாம். வைசன்பாம் அரண்டுபோனார். பத்து வருடம் கழித்து, கணினியிடம் எதையெல்லாம் ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

இனி ஒழுங்காகத் தேர்வு எழுதிய ஒன்றைப் பார்ப்போம். 1970-களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஷார்ட்லிஃப் உருவாக்கியது மைசின். இரத்தத்தில் கிருமித் தொற்றா, மூளைக்காய்ச்சலா, எந்த ஆண்டிபயாடிக், எவ்வளவு என்று சொல்லும் நிரல். 'இப்படி இருந்தால் இதைச் சந்தேகி' என்ற வடிவில் நூற்றுக்கணக்கான விதிகளை மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். இதற்கு வைத்த தேர்வு அழகானது. மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேரின் விவரங்களை மைசினுக்குக் கொடுத்தார்கள். அதே விவரங்களைப் பேராசிரியர்கள் ஐந்து பேர், பயிற்சி நிலையில் இருந்த மருத்துவர்கள், ஒரு மருத்துவ மாணவர் ஆகியோருக்கும் கொடுத்தார்கள். உண்மையில் சிகிச்சை அளித்த மருத்துவர் என்ன எழுதினார் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். எது யாருடைய மருந்துச்சீட்டு என்ற அடையாளத்தை அழித்துவிட்டு, வெளியிலிருந்து எட்டு நிபுணர்களைத் திருத்தச் சொன்னார்கள். 1979-இல் வெளியான முடிவின்படி மைசினின் சீட்டுகளில் 65 சதவீதம் ஏற்கத்தக்கவை. பேராசிரியர்களுக்குக் கிடைத்தது 42.5 முதல் 62.5 சதவீதம் வரை.

முதல் மாணவன் மைசின்தான். ஆனால் வேலை கிடைக்கவில்லை. ஒரு நோயாளியின் விவரத்தை உள்ளிடுவதற்கே அரை மணி நேரம் ஆகும். பெரிய கணினியோடு இணைந்த முனையத்தின் முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் தட்ட வார்டு மருத்துவருக்கு ஏது நேரம்? தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் கூடவே நின்றது. மைசின் ஒரு நாளும் வார்டுக்குள் போகவில்லை. ஆஸ்பத்திரி நடைமுறை அந்த வினாத்தாளில் இல்லை.

வினாத்தாளின் ஓட்டைகளைப் பற்றிப் பேசுவதானால் பேச்சறிதலுக்குத்தான் வர வேண்டும். அதில் நம் ஊர்த் தொடர்பும் உண்டு. 1969-இல் பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் ஒலியியல் இதழ் ஒன்றில் ஒரு கடிதம் எழுதினார். பேச்சைப் புரிந்துகொள்ளும் எந்திரம் செய்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்களை, தண்ணீரைப் பெட்ரோலாக்குகிறேன், கடல்நீரில் தங்கம் எடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்களோடு சேர்த்து வைத்தார். துறையே கூசிப்போனது. அதற்குப் பதில் போல, 1971-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான ஆர்ப்பா ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செலவு சுமார் 1.5 கோடி டாலர். ஆலன் நியூவெல் தலைமையிலான குழு இலக்கை முன்கூட்டியே எண்களில் எழுதி வைத்தது. 1,000 சொற்கள். சொல் சொல்லாக நிறுத்தாமல் தொடர்ந்த பேச்சு. ஒருவர் மட்டுமல்ல, பலர் பேச வேண்டும். பொருள் பிழை 10 சதவீதத்துக்குள். அந்தக் காலத்தில் ஒரு ஆய்வுத் திட்டம் இவ்வளவு துல்லியமாகத் தன் தலையை நீட்டியது அபூர்வம்.

போட்டியில் இறங்கிய குழுக்களில் ஒன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினுடையது. அதை நடத்தியவர் ராஜ் ரெட்டி. காளஹஸ்திக்கு அருகே காட்டூர் என்ற கிராமத்தில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். ஆஸ்திரேலியா வழியாக ஸ்டான்போர்டு போய், மெக்கார்த்தியிடமே ஆய்வு மாணவராக இருந்து 1966-இல் முனைவரானார். 1994-இல் டூரிங் விருதை எட்வர்டு ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டார். கிண்டியில் அவர் படித்தது கட்டடப் பொறியியல் என்று இங்கிருக்கும் சிவில் மாணவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

1976-இல் தேர்வு முடிவு வந்தது. ரெட்டியின் குழுவில் புரூஸ் லோவெர் எழுதிய ஹார்ப்பி தேறியது. 1,011 சொற்கள், ஆண்கள் மூன்று பெண்கள் இரண்டு என ஐந்து பேச்சாளர்கள், பிழை 5 சதவீதம்தான். அமைதியான அறைகூட வேண்டியிருக்கவில்லை, கணினி முனையங்கள் இரைந்த அறையிலேயே செய்துகாட்டினார்கள். ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளச் சுமார் 5 டாலர் கணினிச் செலவு ஆனது என்பதைச் சொன்னால்தான் அந்தக் காலம் விளங்கும். பிபிஎன் நிறுவனத்தின் நிரல் 44 சதவீத வாக்கியங்களைத்தான் சரியாகப் புரிந்துகொண்டது. எஸ்.டி.சி. என்ற இன்னொரு நிறுவனத்தினுடையது 24 சதவீதம்.

பிபிஎன் காரர்கள் மட்டமானவர்களா? இல்லை. வினாத்தாளில் சொற்களின் எண்ணிக்கை இருந்தது, இலக்கணத்தின் அகலம் இல்லை. ஹார்ப்பிக்குக் கொடுத்த வேலை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும்படி கேட்பது. கேட்கக்கூடிய வாக்கிய அமைப்புகளையெல்லாம் முன்னமே ஒரே வலைப்பின்னலாக முடைந்து உள்ளே வைத்திருந்தார்கள். ஒரு சொல் வந்தால் அடுத்து வரக்கூடியவை சராசரியாக 33 சொற்கள்தான். பிபிஎன் நிரலிலோ அது 196. ஆயிரம் சொல் தெரிந்த இரண்டு மாணவர்களில் ஒருவனுக்கு 33-இல் ஒன்றைத் தேர்வது வேலை, மற்றவனுக்கு 196-இல் ஒன்று. ஹார்ப்பி யாரையும் ஏமாற்றவில்லை. விதி எங்கே அனுமதித்ததோ அங்கே எளிமையைத் தேடிக்கொண்டது. அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். சாத்தியமான பாதைகளில் நம்பிக்கை தருபவற்றை மட்டும் பின்தொடரும் அதன் உத்தி, பிற்காலப் பேச்சறிதல் நிரல்களிலெல்லாம் வாழ்ந்தது.

ஆர்ப்பா தொடர்ந்து பணம் தரவில்லை. 1980-களில் மறுபடி தொடங்கியபோது பாடம் படித்திருந்தார்கள். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே ஒலிப்பதிவு, ஒரே சோதனை. சோதனைப் பதிவை அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் கடைசி வரை தன்னிடமே வைத்திருக்கும். இன்று உங்கள் கைபேசியிடம் பேசுகிறீர்களே, அதன் வம்சாவளியில் கணிதத்துக்கு எவ்வளவு பங்கோ, பூட்டி வைத்த அந்த வினாத்தாளுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு என்பது என் கணிப்பு.

பூட்டாத திட்டங்களும் இருந்தன. ஜப்பான் 1982-இல் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் பத்தாண்டு நடந்து, 5,000 கோடி யென்னுக்கு மேல் செலவழித்து, தருக்கத்தில் இயங்கும் இணைநிலை எந்திரங்களை உண்மையாகவே செய்து முடித்தது. அவற்றை வாங்கத்தான் ஆள் இல்லை. டக்ளஸ் லெனட் 1984-இல் டெக்சாஸில் சைக் திட்டத்தைத் தொடங்கினார். பொது அறிவை, அதாவது மழையில் நின்றால் நனைவோம், இறந்தவர் கடைக்குப் போகமாட்டார் என்பது போன்றவற்றை, மனிதர்களே லட்சக்கணக்கில் எழுதிக் கொடுப்பது திட்டம். 2023-இல் அவர் காலமாகும் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நாற்பது வருடப் படிப்புக்கு வெளியாள் ஒருவர் வைத்த பரீட்சை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

சதுரங்கம் போன்ற பலகை ஆட்டங்களில் இந்தத் தொல்லை கிடையாது. எதிரே உட்கார்ந்திருப்பவரே வினாத்தாள். 1997-இல் சதுரங்கத்தில் டீப் புளூ கணினி காஸ்பரோவை 3.5–2.5 என்றும், 2016-இல் கோ ஆட்டத்தில் ஆல்ஃபாகோ நிரல் லீ செடோலை 4–1 என்றும் வென்றதை அறிவீர்கள். செக்கர்ஸ் ஆட்டத்தில் நடந்ததுதான் மனதைத் தொடும். மரியன் டின்ஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் நாற்பது வருடத்தில் தோற்ற ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கனடாவின் ஜொனாதன் ஷேஃபர் எழுதிய சினூக் நிரல் 1992-இல் அவரிடம் தோற்றது. 1994-இல் பாஸ்டனில் மீண்டும் மோதினார்கள். ஆறு ஆட்டங்களும் சமன். உடல்நலம் கெட்டு டின்ஸ்லி விலகினார், அடுத்த வருடம் இறந்தார். பட்டம் சினூக்குக்கு வந்தது, வென்றோம் என்று சொல்லத்தான் வழியில்லை. ஷேஃபரின் குழு விடாமல் கணக்குப் போட்டு 2007-இல் ஆட்டத்தையே தீர்த்து முடித்தது. இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் செக்கர்ஸ் சமனில்தான் முடியும்.

மறுபடி சென்னைக்கு வருகிறேன், இந்த முறை புரதங்களின் கதைக்காக. 1952-இல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவத்தைச் சொன்னார். 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் வெளியிட்ட கட்டுரை அதைவிட நீண்ட ஆயுள் பெற்றது. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கோணங்கள் திரும்பலாம். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் எந்தக் கோணங்கள் சாத்தியம், எவை அசாத்தியம் என்பதை ஒரு வரைபடத்தில் போட்டார்கள். உலகில் யார் ஒரு புரத வடிவத்தைக் கண்டேன் என்றாலும், அது உருப்படியானதா என்று சரிபார்க்க இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பின் ஒரு பக்கம் சென்னையில் எழுதப்பட்டது.

எந்தக் கோணம் கூடாது என்று தெரிந்தாலும், ஒரு குறிப்பிட்ட சங்கிலி எப்படி மடங்கும் என்று முன்கூட்டிச் சொல்வது வேறு கதை. சொல்லிவிட்டேன் என்று பலர் கிளம்பினார்கள். விடை ஏற்கெனவே வெளியான கேள்விக்குச் சரியான பதில் சொல்வது யாருக்கும் கடினமல்லவே. ஆகவே 1994-இல் ஜான் மோல்ட்டும் நண்பர்களும் காஸ்ப் என்ற போட்டியைத் தொடங்கினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். ஆய்வகத்தில் புரத வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள், அல்லது கண்டுபிடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள், அதை வெளியிடாமல் பொறுத்திருப்பார்கள். சங்கிலியின் வரிசை மட்டும் போட்டியாளர்களுக்குப் போகும். விடைத்தாளில் பெயர் இருக்காது, குழு எண் மட்டும். கால் நூற்றாண்டு இப்படியே மெதுவாக நகர்ந்தது.

2020-இல் 427 என்ற எண்ணிட்ட விடைத்தாளைப் பார்த்துத் திருத்துநர்கள் திகைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வந்தால் ஆய்வகச் சோதனைக்கு நிகர் என்பது வழக்கு. அந்தக் குழுவின் நடுமதிப்பெண் 92.4. ஜெர்மனியில் ஆந்திரே லூபாஸ் என்பவரின் குழு பத்தாண்டாக முட்டிக்கொண்டிருந்த புரதம் ஒன்று இருந்தது. 427-ஆம் எண்ணின் ஊகத்தை வைத்து அரை மணி நேரத்தில் முடிச்சு அவிழ்ந்தது. அதுதான் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு. 2022-இல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவ ஊகங்களை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024 வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது. அவர்கள் கணினிக்குப் பாடமாகக் கொடுத்தது, உலக விஞ்ஞானிகள் ஐம்பது வருடமாகப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்த ஒன்றே முக்கால் லட்சம் அளவிலான வடிவங்கள். அந்தக் களஞ்சியமும் காஸ்ப் தேர்வும் இல்லாமல், 'எங்கள் நிரல் புரதத்தைத் தீர்த்துவிட்டது' என்று ஒரு நிறுவனம் அறிக்கை விட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

இப்போது எல்லாரும் கையில் வைத்திருக்கும் உரையாடு நிரல்களுக்கு வருவோம். இவற்றுக்கும் தேர்வுகள் உண்டு. 2020-இல் வந்த எம்.எம்.எல்.யு. என்பதில் 57 பாடங்கள், ஏறத்தாழ 16,000 கேள்விகள், எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. அப்போது ஜிபிடி-3 என்ற நிரல் சுமார் 44 சதவீதம் வாங்கியது. மூன்றே வருடத்தில் 86, 90 என்று அறிவிப்புகள் வந்தன. வளர்ச்சி உண்மைதான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இந்த மாணவன் இணையம் முழுவதையும் படித்தவன். வினாத்தாள் இருப்பதும் இணையத்தில். ஜிபிடி-3 பற்றிய கட்டுரையிலேயே அதை எழுதியவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்: பயிற்சிப் பாடத்திலிருந்து தேர்வுக் கேள்விகளை வடிகட்டும் நிரலில் ஒரு பிழை, சில கேள்விகள் உள்ளே போய்விட்டன, மறுபடி பயிற்சி தர ஆகும் செலவு கட்டுப்படியாகாது. வினாத்தாள் கசிந்தது, மறுதேர்வு நடத்தப் பணம் இல்லை என்று தேர்வாணையமே சொன்னது போல. அதைச் சொன்ன நேர்மைக்கு ஒரு கும்பிடு. பிறகு வந்த நிறுவனங்கள் பல, என்ன படிக்கக் கொடுத்தோம் என்பதையே சொல்வதில்லை.

தமிழ் நன்றாக வருகிறது என்று சான்றிதழ் கொடுப்பது யார்? பெரும்பாலும் ஆங்கில வினாத்தாளின் மொழிபெயர்ப்பு. எம்.எம்.எல்.யு.வில் அமெரிக்க வரலாறு ஒரு பாடம், அமெரிக்க வெளியுறவுக் கொள்கை ஒரு பாடம். அதைத் தமிழாக்கி வைத்துத் தேறினால், வாஷிங்டனைப் பற்றித் தமிழில் தெரியும் என்று அர்த்தம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு இதைக் கண்டு, 2024-இல் மிலு என்ற தேர்வை வெளியிட்டது. தமிழ் உட்பட 11 மொழிகளில், இந்தியப் போட்டித் தேர்வுகளிலிருந்தே எடுத்த கேள்விகள். நல்ல முயற்சி, வரவேற்கிறேன். என்றாலும் போட்டித் தேர்வுக் கேள்விகளை விடையோடு பதிவேற்றாத பயிற்சி மையம் நம் ஊரில் உண்டா?

காஸ்ப் போன்ற ஒன்று வேண்டுமானால், விடை ஒரு சிலருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அச்சில் வந்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட சரக்கு தமிழில் இருக்கிறது. கல்வெட்டுகளின் மைப்படிகள். தொல்லியல் துறை நூறு வருடத்துக்கு மேலாகப் படியெடுத்து வைத்தவற்றில் முழு வாசகம் அச்சேறாதவை ஏராளம். மைசூரில் இருந்த தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது நினைவிருக்கும். அவற்றில் சிலவற்றைக் கல்வெட்டு அறிஞர்கள் வாசித்து, வாசகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் நிரல்களுக்குக் கொடுக்கலாம்.

முன்மாதிரி இல்லாமல் சொல்லவில்லை. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியத்தில் கரிக்கட்டையாகிப்போன பாப்பிரஸ் சுருள்களைப் பிரிக்காமலேயே படிக்க 2023-இல் ஒரு பரிசுப் போட்டி அறிவித்தார்கள். தலா 140 எழுத்துள்ள நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 85 சதவீத எழுத்தாவது தெரிய வேண்டும், திருத்துபவர்கள் பாப்பிரஸ் அறிஞர்கள். மூன்று மாணவர்கள் சேர்ந்து 7 லட்சம் டாலர் பரிசை வென்றார்கள். அதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நிரல் ஒரே நேரத்தில் பார்க்கும் சதுரத்தை மிகச் சிறியதாக வைத்தார்கள். முழு எழுத்தும் கண்ணில் பட்டால், இல்லாத எழுத்தைத் தானாக வரைந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

நம் கல்வெட்டில் அந்தப் பயம் இன்னும் அதிகம். ஒரு சோழ மன்னனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டு, கல்லுக்குக் கல் ஏறக்குறைய ஒன்றேதான். நூறு கல்வெட்டைப் படித்த நிரல், கல்லே பொரிந்து போயிருந்தாலும் அதை ஒப்பித்துவிடும், ஹார்ப்பிக்கு அடுத்த சொல் தெரிந்தது போல. ஆகவே தேர்வு வைப்பவர்கள் மெய்க்கீர்த்திக்கு மதிப்பெண் தரக் கூடாது. அது முடிந்த பிறகு வருகிறதே, எந்த ஊர், யார் கொடுத்தது, நிலத்தின் கிழக்கு எல்லை எந்த வாய்க்கால், நந்தா விளக்குக்கு எத்தனை ஆடு, அங்கே தொடங்க வேண்டும். தெரியாத இடத்தில் 'சிதைந்துள்ளது' என்று எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று விதியில் சேர்த்துவிட வேண்டும்.